ராஜகீழ்ப்பாக்கத்துக்கு யார் பாடுவது

ராஜகீழ்ப்பாக்கம்
9.6.2025

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நேற்று தாம்பரத்தில் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறீர்கள். பாட்டு வாத்தியார் ஜாய்சன் வாங்கி வைத்த போண்டாவில் மூன்று சாப்பிட்டீர்கள்.

போனில் கூப்பிட்டால் பேசியதாகிவிடும். பதினைந்து வருஷமாகப் பேசாமல் காப்பாற்றி வந்ததை ஒரு போனில் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அதனால்தான் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜாய்சன் நடத்தும் ஒன்பது ஊர்ப் பாட்டில் ஊருக்கு ஒரு பெண்தான் முன்னால் நின்று பாட முடியும். என் பேத்தி சினேகா என் பேரை எழுதிக் கொடுத்து ஒரு மாதமாகிறது. சொந்த ஊர் என்று கேட்ட இடத்தில் ராஜகீழ்ப்பாக்கம் என்று எழுதினாள். நேற்றுப் பார்த்தால் உங்கள் தாளிலும் அதே ஊர். வண்டலூருக்கு ஆளே இல்லை.

ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில், உங்களை என் அண்ணனுக்கும் என்னை உங்கள் அண்ணனுக்கும் கட்டி வைத்தார்கள். 1979 ஆவணி. நான் வண்டலூரை விட்டு இங்கே வந்தேன், நீங்கள் இங்கேயிருந்து அங்கே போனீர்கள். என்னைவிட நாலு வயது சின்னவளான உங்களை நானும் அண்ணி என்றேன், நீங்களும் என்னை அண்ணி என்றீர்கள். அன்றைக்கே ஊர் மாறிவிட்டது. நாற்பத்தாறு வருஷம் கழித்துத் திரும்ப வந்து என் ஊரைக் கேட்கக் கூடாது.

ஆடி பிறப்பதற்குள் நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள் என்று ஜாய்சன் சொல்லியிருக்கிறார். கூழ் ஊற்றும் அன்று அந்தந்த ஊருக்கே வந்து, முன்பாட்டுக்காரியோடு தெருப் பெண்கள் பின்பாட்டுப் பாடுவதைப் பதிவு செய்யப் போகிறார். நம் தெருப் பெண்களுக்குப் பதினைந்து வருஷமாக நான்தான் முன்பாட்டு. உங்கள் தாளைத் திருத்திக் கொடுத்துவிடுங்கள்.

சரசு

*

வண்டலூர்
14.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் போண்டாவை எண்ணியது எனக்குத் தெரியும். நான் மூன்றாவதை எடுத்ததே அதற்காகத்தான்.

தாளைத் திருத்த மாட்டேன். சொந்த ஊர் என்று கேட்டால் பிறந்த ஊரைத்தான் சொல்வார்கள். வாக்கப்பட்ட ஊர் எது என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் முன்பாட்டாகப் பாடுவது என் அம்மாவின் பாட்டு. ஆடி மூன்றாம் ஞாயிறு அவள் கோயில் வாசலில் நின்று ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கூப்பிட்ட வீட்டுப் பெண் கூழ்க் குடத்தோடு வந்து அண்டாவில் ஊற்றுவாள். எந்த வீட்டுப் பேரில் அம்மா இழுப்பாள், எங்கே மூச்சு வாங்குவாள் என்று எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

வீடுகள் முடிந்தபின் கட்டிக்கொடுத்த பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் அடி ஒன்று உண்டு. அம்மா போன மறு ஆடியில் நான் வண்டலூரிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்து நின்றேன். நீங்கள் முன்பாட்டு. வீடுகளைக் கூப்பிட்டீர்கள், பாட்டை முடித்துவிட்டீர்கள். என் பேரைச் சொல்லவேயில்லை. நிரம்பிய குடத்தோடு அதே ரயிலில் திரும்பினேன். பெருங்களத்தூரில் ஏறிய ஒரு அம்மாள், "குடத்துல இன்னாம்மா?" என்று கேட்டாள். முந்தானையை இழுத்துக் குடத்தின் வாயை மூடினேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். நம் தெருவில் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? வண்டலூரக்கா என்றுதானே? தெருவே அப்படிக் கூப்பிடும்போது தாளில் வேறு எப்படி எழுதுவீர்கள்?

வேதவல்லி

*

ராஜகீழ்ப்பாக்கம்
20.6.2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் கோபம் வந்தது.

தெருவில் கேட்டேன். குழாயடியில் எல்லாரையும் நிறுத்தி, ராஜகீழ்ப்பாக்கத்துக்கு யார் பாட வேண்டும் என்று கேட்டேன். எதிர்வீட்டுச் சத்யபிரியாவின் மாமியார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பாடுறது நீதான் வண்டலூரக்கா, அதுல பேச்சே கெடையாது. ஆனா ஊருன்னு வந்துட்டா பொறந்த பொண்ணுதானே." இரண்டு பேர் தலையாட்டினார்கள். யார் யார் என்பது எனக்குத் தெரியும், மறக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து அன்று சமைக்கவில்லை.

உங்கள் பேரை ஏன் விட்டேன் என்று எழுதுகிறேன். உங்கள் அம்மா இடுப்பெலும்பு உடைந்து எட்டு மாதம் படுத்திருந்தாள். புரட்டிப் படுக்க வைத்தது நான், வழித்துப் போட்டது நான். நீங்கள் வந்தது இரண்டே தடவை. 2009 சித்திரையில் ஒரு செவ்வாய், ஆனியில் ஒரு வெள்ளி. இரண்டு தடவையும் கையில் காய்கறிப் பை. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் பெற்றவளை எட்டிப் பார்க்க வந்தவள் மாதிரி அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனீர்கள். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அதைப் பார்த்தவள் நான். அடுத்த ஆடியில் உங்கள் பேர் என் வாயில் வரவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். குடம் வந்து சேராமல் அடுத்த வீட்டைக் கூப்பிடக் கூடாது என்பதுதான் அந்தப் பாட்டின் சட்டம். அது உங்களுக்கும் தெரியும். அப்படியானால் வீட்டு வரிசையை எழுதி அனுப்புங்கள். ஒரு வீடு தப்பாமல் எழுதினால் என் தாளை நானே கிழித்துப் போடுகிறேன்.

சரசு

*

வண்டலூர்
27.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

பின்பக்கத்தில் இருபத்திரண்டு வீட்டையும் வரிசையாக எழுதியிருக்கிறேன். மேஸ்திரி வீடு, கிணற்றடி வீடு, தபால்காரர் வீடு, பால்கார வீடு என்று ஆரம்பித்துக் கடைசியில் பூசாரி வீடு வரை. எழுதி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உங்கள் தாளைக் கிழிக்க வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள், பேத்தி எழுதியது.

காய்கறிப் பையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன்.

என் பெண் கல்யாணத்தில் என் அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், தாய்மாமன் மாலையோடு தாமதமாக வந்தார், நினைவிருக்கிறதா? முகூர்த்தம் தாண்டி அரை மணி. தாம்பரத்தில் பஸ் நின்றுபோனது. பந்தலில் எல்லார் முன்னாலும் காத்திருந்தது உங்கள் அண்ணனுக்கு அவமானமாகிவிட்டது. இனிமேல் அந்த வீட்டு வாசலை மிதித்தால் இந்த வீட்டு வாசலை மிதிக்காதே என்று என்னிடம் சொல்லிவிட்டார். அடுத்த மாதமே அம்மா விழுந்தாள். அம்மா இருந்தவரை, மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லாமல் நான் ராஜகீழ்ப்பாக்கம் வர வழியில்லை. அந்தப் பை வரும்போது வெறும் பை, திரும்பும்போது ஸ்டேஷன் வாசலில் இரண்டு கட்டுக் கீரை வாங்கி அதில் வைப்பேன். மூன்றாவது தடவை கிளம்பியபோது அவரும் மார்க்கெட்டுக்கு வருகிறேன் என்றார். அன்றைக்குக் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

நம்பாவிட்டால் உங்கள் அண்ணன் சிவகுமாரைக் கேளுங்கள். அவரிடம் உங்களுக்குப் பேச்சு உண்டே.

வேதவல்லி

*

ராஜகீழ்ப்பாக்கம்
4.7.2025

அண்ணிக்கு,

கேட்டேன். புதன்கிழமை நீங்கள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வண்டலூர் வந்தேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிச் சொன்னாயா என்று கேட்டேன். சத்தத்தைக் குறைக்காமலே, "அப்போ கோவம், சொன்னேன். அத்த இப்போ இன்னாத்துக்குக் கேக்குற?" என்றார். அவ்வளவுதான். காபி போடச் சொல்லட்டுமா என்று வேறு கேட்டார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்வேன். எந்தச் செவ்வாய், எந்த வெள்ளி, கையில் என்ன பை என்று பார்த்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. 

இப்போது வரிசைக்கு வருகிறேன். விட்டுக்கொடுப்பேன் என்று நினைக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியது 1979-இல் சரி. மேஸ்திரி வீடு இருக்கிறது. கிணற்றடி வீட்டில் மருந்துக் கடை. தபால்காரர் வீட்டை விற்றுவிட்டு மாம்பாக்கம் போய்விட்டார்கள். பால்கார வீடு இருந்த இடத்தில் நாலு மாடி, பதினாறு கதவு. அதில் மூன்றாம் மாடியில் ஸ்ம்ருதி என்று ஐ.டி. கம்பெனிப் பெண். நாலு வருஷம் முன்னால் கீழே இறங்கி வந்து, நானும் கூழ் காய்ச்சலாமா என்று கேட்டாள். போன வருஷம் அடிப்பிடித்த கூழை எவர்சில்வர் குடத்தில் கொண்டுவந்தாள். மாடி வீட்டு ஸ்ம்ருதி என்று அவள் பேர் பாட்டில் இருக்கிறது. ஜெபகுமார் வீட்டிலிருந்து குடம் வராது, அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் அண்டாவுக்குக் கேழ்வரகு அவர் கொடுப்பார், பேர் சொல்லும்போது கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். அவர் பேரும் உண்டு, அவர் வந்து நிற்பதே குடம் வந்த கணக்கு. உங்கள் இருபத்திரண்டில் பதினொன்று இப்போது இல்லை. என் வரிசையில் இருபத்தொன்பது வீடு.

உங்கள் வரிசையை வைத்துக்கொண்டு பாடினால் இரண்டாவது வீட்டிலேயே நின்றுபோவீர்கள். கிணற்றடி வீடே என்று கூப்பிட்டால் யார் குடம் கொண்டு வருவது, மருந்துக் கடைக்காரனா?

ராஜகீழ்ப்பாக்கம் எனக்குத்தான். நீங்கள் வண்டலூருக்குப் பாடுங்கள்.

சரசு

*

வண்டலூர்
10.7.2025

அன்புள்ள அண்ணிக்கு,

பதினொரு வீடு போய்விட்டது என்பதை நான் இரண்டு நாள் நம்பவில்லை. கிணற்றடி வீட்டு வாசலில்தான் எனக்குப் பல் விழுந்தது. நீங்கள் எழுதியது சரி. இருபத்தொன்பது வீட்டுக்காரிகளையும் முகம் பார்த்துக் கூப்பிடத் தெரிந்தவர் நீங்கள். ஜாய்சனுக்குப் போன் செய்து ராஜகீழ்ப்பாக்கத்தை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினேன், அவர் ஜலதோஷமா என்று கேட்டார்.

ஆனால் வண்டலூருக்கும் நான் பாடவில்லை. இங்கே வீடு கூப்பிடும் பாட்டு கிடையாது, உங்களுக்குத் தெரியும். கூழ் துழாவும்போதுதான் பாட்டு. துடுப்பு யார் கையிலோ அவள்தான் முன்பாட்டு. நேற்று கோயிலடியில் கேட்டுப் பார்த்தேன். துடுப்பு பிறந்த பெண் கையில்தான் என்றார்கள். கிட்டுவின் மனைவி என்னிடமே சொல்கிறாள்: "நீ ராஜகீழ்ப்பாக்கத்துக்காரி. சரசு இருந்தா குடுத்திருப்போம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நாற்பத்தாறு வருஷமாக அந்த அண்டாவுக்கு விறகு தள்ளுகிறேன்.

பிறந்த ஊர் என்னை மறந்து வேறு வீடு கட்டிக்கொண்டது. இந்த ஊர் இன்னும் என்னை விருந்தாளியாகவே வைத்திருக்கிறது. எந்த ஊர் என்று கேட்டால் சொல்ல எனக்கு ஊர் இல்லை. என் பேரை அடித்துவிடச் சொல்லி அடுத்த வாரம் ஜாய்சனிடம் சொல்லப் போகிறேன்.

நீங்கள் நன்றாகப் பாடுங்கள். மேஸ்திரி வீட்டில் அம்மா இழுத்த மாதிரி இழுங்கள், நீங்கள் அங்கே அவசரப்படுகிறீர்கள்.

வேதவல்லி

*

ராஜகீழ்ப்பாக்கம்
14.7.2025

அண்ணிக்கு,

அடிக்கச் சொல்ல வேண்டாம். ஜாய்சனிடம் நான் பேசிவிட்டேன். அவரிடம் எனக்குப் பேச்சு உண்டு. இருபத்தேழாம் தேதி வண்டலூர்க் கூழ் முடியும்வரை உங்கள் பேரைத் தொட மாட்டார்.

நீங்கள் எங்கள் ஊர்ப் பெண்களிடம் கெஞ்சியிருக்கிறீர்கள். அவர்களிடம் கெஞ்சக் கூடாது, நினைவுபடுத்த வேண்டும். கிட்டுவின் மனைவிக்கு 1994-இல் மஞ்சள் காமாலை. அவள் மாமியார் கிட்டே போகவில்லை. இருபத்தொரு நாள் காலையில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுபோனது நீங்கள். 2015 வெள்ளத்தில் உங்கள் மொட்டை மாடியில் எட்டுக் குடும்பம் இருந்தது. அந்த எட்டில் ஐந்து பேர் அன்று கோயிலடியில் உட்கார்ந்து தலையாட்டியவர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பேசாதவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கேட்டு வைத்துக்கொள்வேன்.

இதையெல்லாம் நீங்கள் உங்கள் வாயால் சொல்ல மாட்டீர்கள். அது உங்களிடம் உள்ள கெட்ட பழக்கம். வருகிற ஞாயிறு ஆடி முதல் ஞாயிறு, கூழுக்கு வேலை பிரிக்க எல்லாரும் கோயிலடிக்கு வருவார்கள். நானும் வருகிறேன். அவர்களோடுதான் பேசுவேன், உங்களோடு இல்லை. நீங்கள் ஓரமாக நில்லுங்கள். நடுவில் ஒரு வார்த்தை பேசினால் ரயிலேறிவிடுவேன்.

மேஸ்திரி வீட்டில் நான் அவசரப்படுவதாக எழுதியிருந்தீர்கள். பாடிப் பார்த்தேன். ஆமாம்.

சரசு

*

வண்டலூர்
29.7.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் வந்து பேசிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

காமாலையும் வெள்ளமும் சொன்னபோதுகூட அவர்கள் மசியவில்லை. "உதவி வேற, துடுப்பு வேறம்மா" என்றுதான் கிட்டுவின் மனைவி முணுமுணுத்தாள். அப்போது நீங்கள் சொன்னதை இப்போது தெருவே சொல்லிச் சிரிக்கிறது: "மிருகக்காட்சிசாலை இங்க வந்தது இவங்க வந்து ஆறு வருஷம் கழிச்சு. சிங்கம் புலியெல்லாம் இவங்களுக்கு அப்பால வந்ததுங்க. அதுங்கள வண்டலூரு சிங்கம், வண்டலூரு புலின்னு சொல்றீங்க. இவங்கள மட்டும் இன்னும் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரின்றீங்க. இதுல இன்னா நியாயம் கீது?"

நீங்கள் தெரு முனை திரும்பும்வரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கிட்டுவின் மனைவி எழுந்து உள்ளே போய்த் துடுப்பைக் கழுவிக் கொண்டுவந்தாள். என் கையில் கொடுக்கவில்லை, என் எதிரே சுவரில் சாய்த்து வைத்தாள். அது போதும் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை துழாவினேன். முதல் அடி எடுத்தபோது பின்பாட்டு மூன்று குரல்தான் வந்தது. விடாமல் துழாவினேன். கூழ் கெட்டியாக ஆக ஆகக் குரல் கூடியது. முடியும்போது ஒருத்தி பாக்கியில்லை. தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை, மூன்று நாளாகத் தைலம். ஜாய்சன் முழுவதும் பதிவு செய்து, தன் தாளில் வண்டலூர் வேதவல்லி என்று என் கண் முன்னால் எழுதினார். இரண்டு தடவை வாங்கிப் பார்த்தேன்.

பதினாறாம் தேதி சனிக்கிழமை தாம்பரம் மேடையில் ராஜகீழ்ப்பாக்கம் முடிந்தவுடன் வண்டலூராம். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கச் சொன்னார்.

வேதவல்லி

*

ராஜகீழ்ப்பாக்கம்
5.8.2025

அண்ணிக்கு,

சம்மதம்.

முந்தாநாள் நம் தெருவில் கூழ். வழக்கத்தைவிடக் கூட்டம். மேஸ்திரி வீட்டில் இழுத்தேன். இருபத்தொன்பது வீட்டுக் குடமும் வந்தது. ஜெபகுமார் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். ஸ்ம்ருதியின் கூழ் இந்த வருஷம் அடிப்பிடிக்கவில்லை. ஜாய்சன் கருவியை அணைக்கக் கை நீட்டினார். நிறுத்தாதீங்க என்று சைகை காட்டிவிட்டு, பதினைந்து வருஷமாக நான் பாடாமல் விட்ட அடியை எடுத்தேன். கட்டிக்கொடுத்த பெண்களைக் கூப்பிடும் அடி. முதல் பேர் உங்களுடையது.

கூப்பிட்டுவிட்டு நின்றேன். நீங்கள் வரவில்லை. எப்படி வருவீர்கள், உங்களிடம் யாரும் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை, எழுதக் கை வரவில்லை. ஆனால் கூப்பிட்டாகிவிட்டது. குடம் வராமல் அடுத்த பேருக்குப் போக முடியாது. தெருவே நின்றது. வெயில் ஏறியது. சத்யபிரியாவின் மாமியார், "வேதா வண்டலூர்ல கீது, நீ பாட்டுக்குக் கூப்டுகினு நிக்கிற, அடுத்த பேரச் சொல்லு" என்றாள். நான் சொல்லவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன்.

பிறகு பாட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக் குடத்தைச் சினேகா ஏற்கெனவே கொண்டுவந்து ஊற்றிவிட்டாள். உங்கள் அம்மாவின் பித்தளைத் தவலை பரணில் இருந்தது, இறக்கினேன். பேரனுக்கு எடுத்து வைத்திருந்த கூழை அதில் ஊற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு முனையிலிருந்து நடந்து வந்தேன். முன்பாட்டுக்காரி குடம் தூக்கி வருவதை நம் தெரு பார்த்ததில்லை. வழி விட்டார்கள். உங்கள் பேரைச் சொல்லிவிட்டு அண்டாவில் ஊற்றினேன். அதன் பிறகுதான் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன்.

அந்த வருஷம் உங்கள் பேரை விட்டது தப்பு. இதை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் முன்னால் வந்துவிட்டது.

பதினாறாம் தேதி சனிக்கிழமை ஐந்து மணிக்கு என் வீட்டுக்கு வந்துவிடுங்கள், சேர்ந்து போகலாம். தோளுக்கு நான் நீவி விடுகிறேன், தைலம் மட்டும் போட்டால் போகாது. வழியில் பேசிக்கொண்டு போக நிறைய இருக்கிறது. என் அண்ணன் வந்தால் தனியாக ஆட்டோ பிடித்து வரட்டும். அவரோடு எனக்குப் பேச்சு இல்லை. ஏன் என்று கேட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சரசு